ஒன்று முதல் அறுபத்துநாலு வரை

பிப்ரவரி 11

அடியே சுண்டு,

போனில் கூப்பிடாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. இந்த வரிசை வீட்டில் போனை எடுத்தால் இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். நான் உன்னைத் திட்டப் போகிறேன். அதை ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு செய்ய வேண்டாம் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

உன் அத்தானுக்கு வேலை போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் டைல்ஸ் ஆலை வாசலில் மற்றவர்களை எல்லாம் உள்ளே விட்டுவிட்டுப் பதினொரு பேரை மட்டும் ஓரமாக நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர், அதுதான் எல்லாரும் விசில் என்று கூப்பிடுவார்களே, அவன் கையில் ஒரு மடித்த தாள் வைத்திருந்தானாம். பதினொரு பேருக்கும் இனிமேல் ஒப்பந்தம் கிடையாது, நுரையீரல் கெட்டுப்போன ஆட்களை வைத்துக்கொண்டு நாளைக்கு நஷ்டஈடு அழ முடியாது என்று சொல்லியிருக்கிறான். எங்கள் நுரையீரல் சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அத்தான் கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? யுனிவர்சிட்டியே நெட்ல போட்டிருக்கு. கவர்மெண்ட் காசுல பண்ண ஆராய்ச்சி, யாரு வேணா பார்க்கலாமாம். நாங்களும் பார்த்தோம்."

இப்போது சொல்லு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய்? உங்கள் பல்கலைக்கழகத்தில் தூசி பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆலை ஆட்கள் ஊதும் மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும், யாரும் முன்வர மாட்டேன் என்கிறார்கள், நீ கொஞ்சம் சொன்னால் கேட்பார்கள் என்றாய். "பேர் எங்கயுமே வராதுக்கா, என் மேல சத்தியம்" என்றாய். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். எனக்கு என்ன தலையெழுத்தா? உனக்கு நல்ல பேர் வரட்டும் என்றுதான் போனேன்.

இப்போது அதே கதவுகள் என்னைப் பார்த்தால் சாத்துகின்றன. சூளைக்காரர் மனைவி நேற்று எதிரே வந்தவள், என்னைக் கண்டதும் திரும்பிப் போனாள். அவள் புருஷனும் அந்தப் பதினொன்றில் ஒருவர்.

உன் அத்தான் காலையில் எழுந்து சவரம் செய்து, வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். மத்தியானம் கழற்றி மாட்டுகிறார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உன்னைத் திட்டுகிறேன்.

பதில் எழுது. பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அத்தான் சாப்பிடுகிறாரா?

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சி என்றால் அதில் கிடைத்த தரவுகளை, அதாவது யார் எவ்வளவு ஊதினார்கள் என்கிற எண்களை எல்லாம், கட்டுரை வெளிவந்த ஒரு வருஷத்துக்குள் பொதுத் தளத்தில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம், மேற்கொண்டு ஆராயலாம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எங்கள் பேராசிரியர் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவருக்கு ஜனங்கள் மேல் அக்கறை என்று நினைக்காதே, இன்னும் நாலு கட்டுரை எழுதிப் பேர் வாங்க வேண்டும், அதுவரை பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஆறு மாதம் அவரோடு மல்லுக்கு நின்று வாங்கி வெளியிட்டேன். ஊர்க்காரர்கள் மூச்சைக் கொடுத்து உண்டான எண், அது ஒருத்தர் பீரோவுக்குள் கிடக்கக் கூடாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதனால் நல்லதும் நடந்திருக்கிறது. எங்கோ இருக்கிற மூன்று டாக்டர்கள் அந்தத் தரவை எடுத்து, ஆலைகளில் இப்போது அனுமதிக்கிற தூசி அளவே தப்பு என்று காட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் தொழிலாளர் துறையில் அதன் மேல் விசாரணை வருகிறது.

நீ இதையெல்லாம் கேட்கவில்லை, தெரியும். நீ கேட்டதற்கு வருகிறேன். அதில் பேர் இல்லை, விலாசம் இல்லை. ஒரு எண், வயது, எந்தப் பிரிவு, எத்தனை வருஷ வேலை, முன்பு இருந்த நோய், மெஷினில் எவ்வளவு ஊதினார், இவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வித்தாள் மேல் ஒட்டுகிற அறுபத்துநாலு எண் சீட்டையும் நானே நறுக்கி, நானே கலைத்து, உறையில் போட்டு உன்னிடம் கொடுத்தேன். அத்தானுக்கு எந்த எண் விழுந்தது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதனால் விசில் ஏதோ ஊகத்தில் அடித்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அந்தத் தாளை யாராவது பார்த்தார்களா? அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் எழுது, எனக்கு அது ரொம்ப முக்கியம்.

சுண்டு


பிப்ரவரி 22

மகராசி,

கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இங்கேயும் தட்டுகிறார்கள், என் கதவை.

தாளைப் பார்த்த ஆள் இருக்கிறார். சூளைக்காரர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். விசில் ஊகத்தில் ஒன்றும் அடிக்கவில்லையடி. இடது பக்கம் உங்கள் எண், வலது பக்கம் பென்சிலில் வீட்டு நம்பர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு முதல் கடைசி வீடு வரைக்கும் வரிசையாக எழுதியிருந்தானாம். விசிலின் மச்சினன் ஒன்பதாம் வீட்டில்தானே இருக்கிறான்? எந்த வீட்டில் யார், என்ன வயசு, எந்தப் பிரிவு என்று அவன் சொல்லச் சொல்ல இவன் உட்கார்ந்து பொருத்தியிருக்கிறான். ஒன்றுகூடத் தப்பாமல் பொருந்தியதாம். உன் கலைக்கிற லட்சணம் இதுதானா?

அன்றைக்கு நான் எவ்வளவு பொறுப்பாகச் செய்தேன் தெரியுமா? ஒரு வீடு விடாமல், ஒரு ஆள் விடாமல், தொட்டியிலிருந்து ஆரம்பித்து அவரவர் தாளில் சீட்டை வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தேன். உங்கள் மாணவப் பிள்ளைகள் இரண்டு பேரும் அசந்துபோய், அறுபத்துநாலில் ஒன்றுகூட விடுபடவில்லையே அக்கா என்றார்கள். அப்படிச் செய்து கொடுத்த எனக்கு இந்தப் பரிசு.

நுரையீரல் மட்டும் இல்லை. நாலாம் வீட்டுக்காரி பேக்கிங்கில் இருக்கிறாளே, அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் காசநோய் வந்து குணமாகியிருக்கிறது. புருஷனுக்கே தெரியாது. உங்கள் கேள்வித்தாளில், உண்மையைச் சொல்லுங்கள் என்று போட்டிருந்ததே என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறாள். இப்போது தெரு முழுக்கத் தெரியும். அவள் மாமியார் தட்டைத் தனியாக வைத்துவிட்டாள். அவள் என்னிடம் வந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. குழாயடியில் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா எழுதினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஆலை மேனேஜரிடம் பதினொரு பேரும் போய் நின்றார்கள். அவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அந்த எண்கள் தப்பு, நம்பக்கூடியவை இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்வாராம். ஒரே ஒரு வரி. உன் கையில் முத்திரை இருக்கிறது, லெட்டர்ஹெட் இருக்கிறது. எழுதிக் கொடு. மெஷின் கோளாறு என்று போடு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று போடு, உனக்கா சொல்லித் தர வேண்டும்?

இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் ஒன்று கேட்டதில்லை.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே தரவைத் தளத்திலிருந்து இறக்கிவிட்டேன். அதற்கே மூன்று பேர் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆனால் இறக்கி என்ன? அதற்குள் ஐம்பத்தெட்டு பேர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் எவர் என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்காமல் எடுக்கலாம் என்பதுதானே அதன் அழகு என்று நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு பேரிடமும் போய்த் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

நெறிமுறைக் குழு கூடியது. இரண்டு மணி நேரம் நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன், உட்கார் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெளியே வரும்போது பேராசிரியர், "நான்தான் பூட்டி வைப்போம்னு சொன்னேனேம்மா" என்றார். அவர் சொன்ன காரணம் வேறு, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் அவர்தான் நல்லவர், நான்தான் கெட்டவள். விசாரணை முடிகிற வரைக்கும் ஆராய்ச்சியில் கலந்துகொண்ட யாரோடும் நான் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. அத்தான் அதில் ஒருவர், அதனால் உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. இந்தக் கடிதமே தப்புதான். என் மின்னஞ்சலைப் பார்க்கிறார்கள், அதனால் கையால் எழுதித் தெருமுனையில் இருக்கிற தபால் பெட்டியில் போடுகிறேன்.

எப்படி ஆளைக் கண்டுபிடித்தார்கள் என்று புரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். நான் சீட்டுகளைச் சரியாகக் கலைக்கவில்லை. அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. குழுவிடமும் அதைத்தான் சொன்னேன். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

ஆனால் நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. மெஷினை அன்றைக்குக் காலையும் மாலையும் சோதித்திருக்கிறார்கள், சரியாக இருந்தது. எண்கள் தப்பு என்று நான் எழுதினால் ஏப்ரல் விசாரணை அதோடு முடிந்தது. இந்த ஆலை மட்டும் இல்லை, எத்தனையோ ஆலை, எத்தனையோ பேர். தூசி ஒன்றும் செய்யாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அத்தான் மூச்சையே நான் பொய் என்று சொன்னதாக ஆகும்.

இதை எழுதும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. வேறு எது வேண்டுமானாலும் கேள்.

சுண்டு


மார்ச் 9

சுண்டு,

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசில் நான் உடைத்த கண்ணாடி டம்ளருக்கு நீ பழியை ஏற்றுக்கொண்டபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போதும் அப்படித்தான் அசடு வழிகிறது.

நீ சரியாகத்தான் கலைத்தாய். கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பரண் மேல் கிடந்த பழைய பையைத் தேடி அந்த உறையை எடுத்தேன். அதன் மேல் உன் கையெழுத்தில், "கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறாய்.

அன்றைக்கு நான் அதைப் படித்தேன், படிக்காமல் இல்லை. உள்ளே பார்த்தால் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் மூன்று, மூன்றுக்குப் பக்கத்தில் அறுபது. இதென்ன அலங்கோலம், படித்தவர்கள் ஆபீசில் ஒரு ஒழுங்கு வேண்டாமா, இப்படிக் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தோம், யாரை விட்டோம் என்று எப்படித் தெரியும், என் தங்கச்சிக்கல்லவா கெட்ட பேர் வரும் என்று நினைத்தேன். தரையில் பாயை விரித்துப் பரப்பி, ஒன்று முதல் அறுபத்துநாலு வரை அடுக்கினேன். அட்டைப்பெட்டிப் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக எண் பார்த்து அடுக்குகிற கையடி இது, சும்மா இருக்குமா? அடுக்கிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லக்கூட இல்லை, அக்கா சரிசெய்துவிட்டாள் என்றால் நீ வெட்கப்படுவாயோ என்று.

பதினொரு குடும்பத்தின் வயிற்றில் அடித்தவள் நான்தான். நாலாம் வீட்டுக்காரிக்குத் தட்டைத் தனியாக வைத்ததும் நான்தான். இதை இந்தத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

உன்னைத் திட்டியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ குழு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றதும் என்னால்தான்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பல்கலைக்கழகம் எழுதித் தராது என்று தெரிந்ததும் மேனேஜரே ஒரு தாளை அச்சடித்து வைத்துவிட்டார். அன்றைக்கு நான் வேண்டுமென்றே மூச்சை அடக்கிக் குறைவாக ஊதினேன், என் தரவை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடவும் என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டவர்களுக்கு வேலை. எட்டு பேர் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். உன் அத்தான் தாளை வாங்கிவந்து அலமாரிமேல் வைத்திருக்கிறார்.

அப்படிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? உனக்குத்தானே தெரியும், சொல்லு.

அக்கா


மார்ச் 14

அக்கா,

போட வேண்டாம் என்று சொல். காலில் விழுந்து கேட்கிறேன் என்று சொல்.

கலந்துகொண்டவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை, அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் நான்தான் அந்த வரியைச் சேர்த்தேன். விலகினால் அவர்கள் எண்ணை நான் அழித்தே ஆக வேண்டும், ஏன் என்று கேட்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லை. அந்த மூன்று டாக்டர்களும் விசாரணையில் அதைக் காட்டக் கூடாது. அந்தப் பதினொன்றும்தான் மிக மோசமானவை. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஐம்பத்துமூன்றும் சேர்ந்து, இந்த ஆலையில் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று சொல்லும். விசாரணையில் ஆலை வக்கீல் அதைத்தான் காட்டுவார். அது பொய்யும் இல்லை, கணக்குப்படி சரியாகத்தான் இருக்கும்.

தொழிலாளர் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்த்தேன். வழக்குப் போடலாம், ஜெயிக்கக்கூட வாய்ப்பு இருக்கிறது, இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு அங்கே இருந்த வக்கீல் அம்மாவே தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் என்ன சாப்பிடுவது என்று நீ கேட்பாய்.

நீ சீட்டை அடுக்கியதைப் பற்றி இனி பேச வேண்டாம். உறையின் மேல் இப்படிச் செய் என்று எழுதினேனே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? காரணம் சொல்லியிருந்தால் நீ என்னைவிட நன்றாகக் கலைத்திருப்பாய். படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அத்தானிடம் ஏப்ரல் வரைக்குமாவது பொறுக்கச் சொல். ஒரு மாதம்தான்.

சுண்டு


மார்ச் 29

சுண்டு,

போட்டுவிட்டார். பதினொரு பேரும் போட்டுவிட்டார்கள்.

உன் கடிதத்தை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். சுண்டு சொல்றது நியாயம்தான் என்றார். பிறகு பேனாவைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். மெருகுப் பிரிவில் அவர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினொரு பேரையும் அரைவையில் போட்டிருக்கிறார்கள். அரைவை என்றால் என்ன என்று உனக்கே தெரியும், நீதான் என்னிடம் அங்கேதான் தூசி அதிகம் என்று படம் போட்டு விளக்கினாய். மூன்று மாத ஒப்பந்தம். விசில் எல்லாருக்கும் கைகொடுத்தானாம்.

தெருவில் மறுபடியும் பேசுகிறார்கள். சூளைக்காரர் மனைவி கோலப்பொடி மாதிரி வெள்ளையாகத் திரும்பிவந்த புருஷன் சட்டையை என்னிடம் காட்டி, எத்தனை தடவை அலசினாலும் போகமாட்டேன் என்கிறது அக்கா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நாலாம் வீட்டுக்காரி மட்டும் பேசுவதில்லை. அவளுக்கு எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் ஆகப் போவது ஒன்றும் இல்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த எண் பொய் என்று எழுதிக் கொடு என்று உன்னைக் கேட்டவளும் நான்தான். அதே வாயால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்றைக்கு ஊதிவிட்டு வந்தவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எவ்வளவு ஊதினார் என்று எழுதி ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்களே, அதை அவர் எனக்குக் காட்டவே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, சட்டையோடு துவைத்துப்போட்டாயே என்று என் மேலேயே பழியைப் போட்டார். நானும் விட்டுவிட்டேன். இப்போது தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று செருப்பின் பின்வாரைச் சரிசெய்கிறார். அந்தச் செருப்புக்குப் பின்வாரே இல்லை. நான் பார்க்காத மாதிரி முன்னால் நடக்கிறேன்.

விசிலுக்கு அந்த எண் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். எங்கேயோ முகம் தெரியாத ஐம்பத்தெட்டு பேரிடம் இருக்கிறதாம். அவருக்கும் தெரியும். பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியாது.

எவ்வளவு, சுண்டு? எனக்கு மட்டும் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

விலகல் படிவங்கள் பதினொன்றும் ஆலையின் உறையிலேயே வந்தன. நேற்று இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அந்தப் பதினொரு வரிகளையும் அழித்தேன். அழித்ததற்குச் சான்றிதழும் நானே தயார் செய்து நானே கையெழுத்துப் போட்டேன். இனி எங்கள் பல்கலைக்கழகத்தில் அத்தான் ஊதியதற்கு எந்தத் தடயமும் கிடையாது. விசாரணை புதன்கிழமை. டாக்டர்கள் வேறு தரவு தேடிக்கொண்டு பிறகு வருகிறோம் என்று மனுவை வாபஸ் வாங்கப் போவதாகக் கேள்வி.

நீ கேட்டதைச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆராய்ச்சியில் கண்ட எதையும் யாருடையது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் எனக்குத் தெரியும். இன்று நேற்று இல்லை, மூன்று வருஷமாகத் தெரியும்.

எண்கள் வந்த முதல் வாரம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தாறு வயது, மெருகுப் பிரிவு, பத்தொன்பது வருஷ வேலை, பதினேழு வயதில் குடல்வால் அறுவை. வேறு யார் இருக்கப்போகிறார்கள்? உடனே கண்ணை எடுத்துவிட்டேன். சொந்தக்காரி என்பதால் எனக்குத் தெரிகிறது, வெளியாட்களுக்கு எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தெருவில் இருக்கிற எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரர் மாதிரிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். சீட்டை நீ அடுக்கினாயா, கலைத்தாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எழுந்து நின்று பேசிக் கைதட்டல் வாங்கினேனே, அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அப்புறம் எத்தனை தடவை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அத்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவர் இருமினால் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதி என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் சீட்டை மறைத்தார், நானும் மறைத்தேன், நீ நடுவில் பரிமாறிக்கொண்டிருந்தாய்.

அவர் வயசுக்கும் உயரத்துக்கும் மூச்சு நூறு இருக்க வேண்டும், அக்கா. ஐம்பத்திரண்டு இருந்தது.

அது மூன்று வருஷத்துக்கு முந்தைய எண். இப்போது எவ்வளவு என்று எங்கேயும் இல்லை.

சுண்டு